கோபத்தை எழுத்துத் தமிழில் பதியாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

குரலைக் கேட்டே ஒருவருடைய கோபம், கவலை, பயம் எல்லாவற்றையும் கண்டுபிடிக்கும் கணினிகள் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் அந்தக் கணினிக்கு யாருடைய குரலைப் போட்டுப் பழக்குகிறார்கள், அந்தக் குரலை எங்கே வைத்து, எந்த வசனத்தைச் சொல்லச் சொல்லிப் பதிந்தார்கள் என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். நான் மட்டக்களப்பில் உயர்தர மாணவர்களுக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறவன், குரலோடுதான் என் வேலை, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், இடம் இருந்தால் போடுங்கள்.

இந்த ஆராய்ச்சிக்கு ஒலிப்பதிவு தயாரிக்கிற விதம் பலருக்குத் தெரிந்திருக்காது. உணர்ச்சி எதுவும் ஒட்டாத ஒரு சாதாரண வசனத்தை எடுத்துக்கொண்டு, அதையே ஒரு நடிகரைக் கொண்டு கோபமாக, சந்தோஷமாக, கவலையாக, பயந்து, அருவருத்து, பிறகு ஒன்றுமே இல்லாமல் வெறுமனே என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார்கள். சொல் மாறாது, குரல் மட்டும் மாறும். அதை வேறு ஆட்களுக்குப் போட்டுக்காட்டி இவர் என்ன மனநிலையில் கதைக்கிறார் என்று கேட்பார்கள். சரியாகச் சொல்லிவிட்டால், அவர் சொல்லின் கருத்தை வைத்துச் சொல்லவில்லை, சுருதி ஏறி இறங்கியதையும் சத்தத்தையும் வேகத்தையும் தொண்டை இறுகியதையும் வைத்துத்தான் சொன்னார் என்று உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். எளிமையான, கெட்டித்தனமான வழி.

இப்படிப் பதிந்த குரல்களில் உலகத்தில் அதிகம் பயன்படுகிற தொகுப்புகள் சில இருக்கின்றன. பெர்லினில் செய்து 2005இல் வெளியிட்டதில் 10 நடிகர்கள், 10 ஜெர்மன் வசனங்கள், எதிரொலியே இல்லாத ஓர் அறையில் பதிந்தது. கனடாவின் ரொறன்ரோவில் செய்த ஒன்றில் இரண்டே இரண்டு பெண்கள், ஒருவருக்கு 26 வயது, மற்றவருக்கு 64. வயது போன குரலிலும் உணர்ச்சி அப்படியே கேட்கிறதா என்று பார்ப்பதற்காக இந்த இருவரையும் எடுத்தார்கள், அது எனக்கு மிகவும் பிடித்த யோசனை. பிறகு கனடாவிலேயே 2018இல் வெளிவந்த ராவ்டெஸ் என்கிற பெரிய தொகுப்பு, அதில் 24 நடிகர்கள், பேச்சும் பாட்டுமாக 7356 கோப்புகள். இத்தனைக்கும் அவர்கள் சொல்வது இரண்டே வசனம். ‘பிள்ளைகள் கதவடியில் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்பது ஒன்று, ‘நாய்கள் கதவடியில் இருக்கின்றன’ என்பது மற்றது.

இந்த இரண்டாவது வசனத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கனடாவில் இது உணர்ச்சி இல்லாத வசனம்தான், அதில் சந்தேகம் இல்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில், யுத்தம் நடந்த எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வளர்ந்த ஒருவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். இரவில் நாய் குரைத்தால் யாரோ வருகிறார்கள் என்று விளக்கை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்த ஊர்கள் இவை, நாயும் கதவும் ஒரே வசனத்தில் வந்தால் அவருக்கு அது வெறும் வசனமாக இருக்காது. காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ ஒரு முஸ்லிம் வீட்டில் வாசலில் நாய் நிற்கிறது என்பது இன்னொரு மாதிரிக் கேட்கும். நாயை விட்டுவிட்டு ‘மழை பெய்யுது’ என்று வைத்தால் என்ன? விதைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு அது சந்தோஷம், அறுவடை நேரத்தில் அதே ஆளுக்கு வயிற்றெரிச்சல், வெள்ளத்தில் ஒவ்வொரு வருடமும் பாடசாலைக் கட்டடத்துக்கு இடம்பெயர்கிற குடும்பத்துக்குப் பயம். ‘கடல் இரையுது’ என்பதை நான் கிட்டவும் எடுக்கமாட்டேன், 2004 டிசம்பர் 26 கடல்கோளுக்குப் பிறகு நாவலடியிலிருந்து கல்லாறு, மருதமுனை, கல்முனை வரைக்கும் அந்த வசனத்தை யாரும் வெறுமனே சொல்ல முடியாது. ஆக, உணர்ச்சி இல்லாத வசனத்தைக் கூட வெளியிலிருந்து கொண்டுவந்து இங்கே வைக்க ஏலாது, அதை இங்கேயிருந்தே தேடி எடுக்கவேண்டும், எடுத்த பிறகு வேறு வேறு ஊர் ஆட்களிடம் எழுதிக் காட்டி, வாசிக்கும்போது உங்களுக்கு ஏதாவது படுகிறதா என்று கேட்டு, படுகிறது என்று சொன்னவற்றைக் கழிக்கவேண்டும்.

இதைச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. பல்கலைக்கழக மாணவி ஒருவர் தன் கடைசி வருட ஆய்வுக்காக என்னிடம் வந்தார், என் பிள்ளைகளில் குரல் நல்லவர்களை வைத்து இப்படிச் சில வசனங்களைப் பதிந்து தரமுடியுமா என்று கேட்டார். பட்டியலைப் பார்த்தேன். ‘அவர் நாளை சந்தைக்குச் செல்வார்’, ‘புத்தகம் மேசையின் மீது உள்ளது’, எல்லாமே இந்த மாதிரி. ஏன் பிள்ளை இப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டால், வட்டார வழக்கு வேண்டாம், எல்லோருக்கும் பொதுவான தமிழில்தான் இருக்கவேண்டும் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டாராம். சரி என்று என் மாணவன் ஒருவனை நிறுத்தி, இதைக் கோபமாகச் சொல்லு என்றேன். அவன் நல்ல நடிகன், மேடையில் நின்றால் ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். ‘அவர் நாளை சந்தைக்குச் செல்வார்’ என்று அவன் கோபமாகச் சொன்னபோது கேட்டது கோபம் இல்லை, புராண நாடகத்தில் ராஜா அமைச்சருக்குக் கட்டளையிடுவது. கவலையாகச் சொல்லச் சொன்னோம், வானொலியில் மரண அறிவித்தல் மாதிரி வந்தது. பிறகு அதையே ‘அவர் நாளைக்குச் சந்தைக்குப் போவார்’ என்று மாற்றிக் கொடுத்தேன், இரண்டே சொல்தான் மாறியது, குரல் உடனே இறங்கித் தரைக்கு வந்துவிட்டது. உள்ளே வந்த இன்னொரு பிள்ளை, ஏன் சண்டை பிடிக்கிறீர்கள் என்று கேட்டது.

தமிழில் யாரும் எழுத்து நடையில் கோபப்படுவதில்லை, எழுத்து நடையில் பயப்படுவதும் இல்லை. நாங்கள் எழுத்துத் தமிழை வாயால் சொல்லுகிற இடங்கள் செய்தி, மேடைப்பேச்சு, பிரசங்கம், வகுப்பு, நாடகம் இவ்வளவும்தான், ஆகவே அந்த நடையில் ஒரு வசனத்தைக் கொடுத்தவுடனேயே அந்த இடங்களுடைய குரலும் சேர்ந்து வந்துவிடுகிறது, நடிகர் எவ்வளவு முயன்றாலும் அதை உதற முடியாது. ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் இந்தச் சிக்கல் இந்த அளவுக்கு இல்லை, அவர்களைப் பார்த்துச் செய்கிற எங்கள் ஆட்களும் இதை யோசிப்பதில்லை. மட்டக்களப்புப் பேச்சு எழுத்துத் தமிழுக்கு மிகக் கிட்டியது என்று செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் எழுதியதை எடுத்துக்காட்டி, இங்கே அந்த வித்தியாசம் பெரிதில்லை என்று சிலர் வாதாடக்கூடும். ஒலிகளையும் சொல்லுருவங்களையும் வைத்து அவர் சொன்னது அது. களுவாஞ்சிக்குடிச் சந்தையில் மீன் விலைக்குச் சண்டை போடுகிற ஒரு அம்மாவின் இழுவையையும் தூக்கலையும் எந்த எழுத்து நடையிலும் கொண்டுவர ஏலாது.

இலங்கைத் தமிழில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் அது அநியாயம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2025இல் எமோட்டா என்ற பெயரில் ஒரு தொகுப்பை வெளியிட்டிருக்கிறார்கள். 11 ஆண், 11 பெண், ஆக இலங்கைத் தமிழ் பேசும் 22 பேர், 19 வசனங்கள், கோபம், சந்தோஷம், கவலை, பயம், வெறுமை என்று ஐந்து வகை, மொத்தம் 936 பதிவுகள். இந்த நாட்டில் இதைச் செய்து முடிப்பது லேசான காரியம் இல்லை, செய்தவர்களுக்கு என் மனமார்ந்த பாராட்டு. ஆனால் 22 பேரோடு இலங்கைத் தமிழ் முடிந்துவிடாது. யாழ்ப்பாணம் ஒரு விதம், மலையகம் ஒரு விதம், வன்னி ஒரு விதம். எங்கள் பக்கத்தை மட்டும் எடுத்தாலும் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையில் வாவி மட்டும் இல்லை, பேச்சும் வேறு. ஏறாவூர், காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று முஸ்லிம் ஊர்களின் பேச்சு அதிலிருந்தும் வேறு. வெளியிலிருந்து வருகிற ஆட்கள் எங்கள் பெண்கள் சாதாரணமாகக் கதைப்பதையே சண்டை என்று நினைப்பதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். மனிதருக்கே இப்படி என்றால், எங்கள் குரலை ஒருநாளும் கேட்டிராத கணினி என்ன நினைக்கும்?

குரலில் உள்ள உணர்ச்சி உலகம் முழுக்க ஒன்றுதானே, கோபம் என்றால் எங்கும் கோபம்தானே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பாதி உண்மை. ஷெரர் என்கிற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஜெர்மன் நடிகர்கள் பொருளில்லாத வசனங்களை உணர்ச்சியோடு சொன்ன பதிவுகளை ஒன்பது நாடுகளில் போட்டுக்காட்டினார்கள். எல்லா நாட்டுக்காரரும் குருட்டு வாக்கில் சொல்வதைவிட நன்றாகவே கண்டுபிடித்தார்கள், மொத்தத்தில் 66 வீதம் சரி. ஆனால் ஜெர்மனியில் 74 வீதம், இந்தோனேசியாவில் 52 வீதம். மொழி தூரம் போகப் போகப் பிடிபடுவது குறைந்துகொண்டு போனது. அந்த இடைவெளியில் விழுகிறவர்கள் நாங்கள். ஒரு பேச்சுக்கு, மூளையின் வலது பக்கத்தில் பக்கவாதம் வந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள், அப்படி வந்தவர்களில் சிலருக்குச் சொல் விளங்கும், ஆனால் சொன்னவர் கோபமாகச் சொன்னாரா அன்பாகச் சொன்னாரா என்பது விளங்காமல் போய்விடும், வீட்டில் அதைத் திமிர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவரைச் சோதிக்க ஒலிப்பதிவு வேண்டும். கனடா நடிகரின் குரலைப் போட்டு அவர் பிழையாகச் சொன்னால், அது நோயா, அல்லது அந்தக் குரல் அவருக்கு அந்நியமா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது? காது கேளாததால் காதுக்குள் கொக்லியர் கருவி பொருத்திய பிள்ளைகளும் அப்படித்தான், அந்தக் கருவி சுருதியின் நுணுக்கத்தைச் சரியாகக் கொண்டுபோவதில்லை, ஆகவே சொற்களைப் பிடித்துவிடுகிற பிள்ளைகூட அம்மா ஏசுகிறாவா விளையாடுகிறாவா என்பதில் தடுமாறும். அந்தப் பிள்ளைக்கு எங்கள் அம்மாமாரின் குரலில் பயிற்சிப் பதிவுகள் தேவை, இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

யார் பேசுவது என்ற கேள்விக்கு வருவோம். இங்கே உடனே எல்லோருக்கும் ஞாபகம் வருவது கூத்துக்காரர்கள். நான் கூத்தை நெஞ்சில் வைத்திருக்கிறவன், ஆனாலும் சொல்கிறேன், வடமோடி, தென்மோடி என்கிற எங்கள் இரண்டு கூத்து வகைகளின் குரலை அப்படியே எடுத்து இதற்கு வைக்கக்கூடாது. கூத்தாடுகிற களரியைச் சுற்றி நிற்கிற கடைசி ஆளுக்கும் கேட்கவேண்டும் என்று கட்டப்பட்ட குரல் அது, அதன் கோபமும் அழுகையும் பாட்டுக்குள் இருக்கின்றன. அதற்கு ஒரு தனித் தொகுப்பு வேண்டும், கனடாக்காரர் பேச்சையும் பாட்டையும் பிரித்து வைத்த மாதிரி. அப்படிச் செய்யும்போது ஒன்றைச் சேர்க்கவேண்டும். தொல்காப்பியம் சொல்கிற எட்டு மெய்ப்பாட்டில், அதாவது வெளியே தெரிகிற எட்டு உணர்ச்சிகளில், பெருமிதம் ஒன்று. நான் மேலே சொன்ன தொகுப்புகள் எதிலும் பெருமிதம் இல்லை. கூத்தில் ராஜா வரவு பார்த்த யாரும் அது ஒரு குரல் இல்லை என்று சொல்லமாட்டார்கள், அன்றாடத்திலும் அது இருக்கிறது, மகள் கம்பஸுக்கு எடுபட்டதைச் சொல்கிற தகப்பனின் குரல் வெறும் சந்தோஷக் குரல் இல்லை. வெளிநாட்டுப் பட்டியலை வாங்கி அப்படியே நிரப்பினால் இது விடுபட்டுப்போகும்.

பேச்சுத் தொகுப்புக்கு என்னுடைய மாதிரி நாடக மாணவர்களும், நடிப்பே பழகாத ஆட்களும் கலந்து வேண்டும், வயது போனவர்கள் கட்டாயம் வேண்டும், தமிழரும் முஸ்லிம்களும் வேண்டும். கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர்களும் இங்கேயுள்ளவர்களாக இருக்கவேண்டும். அவர்களுக்குக் கொடுக்கிற விடைகளில் ‘இவற்றில் எதுவும் இல்லை’ என்பதையும் வையுங்கள், அது இல்லாவிட்டால் விளங்காதவரும் ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டுப் போவார், கணக்கு பொய்யாக உயரும். எல்லா உணர்ச்சியும் ஒரே அளவில் பிடிபடாது என்பதையும் முதலே தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. கோபமும் கவலையும் குரலில் லேசாகத் தெரியும், சந்தோஷம் முகத்தில் தெரிகிற அளவுக்குக் குரலில் தெரியாது, அருவருப்பு வசனத்தில் வைத்துச் சொன்னால் பெரும்பாலும் தப்பிப்போகும். நடிகரில் குற்றம் காணத் தேவையில்லை.

பதிகிற விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. போனில் பதிந்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்று நினைக்கிறார்கள். பல போன்கள் மெல்லிய குரலைத் தானாகக் கூட்டியும் பெரிய குரலைத் தானாகக் குறைத்தும் சமப்படுத்திவிடும், ஆள் கதைப்பது விளங்கவேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். கோபத்துக்கும் கவலைக்கும் உள்ள முதல் வித்தியாசமே சத்தம்தான், அதைப் போன் அழித்துவிட்ட பிறகு எதை ஆராய்வது? நல்ல மைக் ஒன்று, வாயிலிருந்து மாறாத தூரம், கோபத்தின் உச்சத்தில் வெடிக்காதபடி முதலே அளவை வைத்துவிட்டுக் கடைசிவரை அதைத் தொடாமல் இருப்பது, இவ்வளவும் வேண்டும். அளவைத் தாழ்த்தி வைத்தால் கவலைக் குரல் மெல்லியதாக விழும், அப்போது ஃபேன் சத்தம் அதை மூடிவிடும், ஆகவே வெக்கையைப் பொறுத்துக்கொண்டு ஃபேனை நிற்பாட்டத்தான் வேண்டும். எதிரொலி இல்லாத அறை எங்களிடம் இல்லை, சுவரில் மெத்தையும் துணியும் தொங்கவிட்டு, கோயில் ஒலிபெருக்கியும் வீதி வாகனமும் அடங்கிய நேரம் பார்த்துச் செய்தால் பாவிக்கக்கூடிய அளவுக்கு வரும்.

கடைசியாகச் சொல்வது எல்லாவற்றிலும் பாரமானது. நடிகர்களிடம் உண்மையான உணர்ச்சியை வரவழைக்க, உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தை நினைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது இந்த ஆய்வுகளில் வழக்கம். வேறு ஊர்களில் அது சரியாக இருக்கலாம். அம்பாறை, மட்டக்களப்புக் கரையோரத்தில் நாற்பது வயது தாண்டிய ஒரு பெண்ணிடம், உங்களுக்கு மிகக் கவலையான நாளை நினைத்துக்கொண்டு இந்த வசனத்தைச் சொல்லுங்கள் என்று கேட்பது எவ்வளவு பெரிய கேள்வி என்று கேட்பவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஒரு ஆய்வுக்காக யாரையும் அந்த இடத்துக்குத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது. அதைவிட மோசம், கடல்கோள் நேரத்து வீடியோக்களிலிருந்தும் காணாமல் போனோரின் தாய்மார் அழுகிற செய்திக் காட்சிகளிலிருந்தும் ‘உண்மையான கவலைக் குரல்’ என்று வெட்டி எடுத்துச் சேர்ப்பது. அந்த யோசனையை ஒருவர் என்னிடமே சொன்னார், செலவில்லாமல் நிறையக் கிடைக்கும் என்றார். அந்தத் தாய் யாரிடமும் தன் அழுகையைத் தருகிறேன் என்று சொல்லவில்லை. குரல் என்பது ஆளையே காட்டிக்கொடுக்கிற விஷயம், இன்றைக்குக் கொஞ்ச நேரக் குரலை வைத்தே அதே மாதிரிப் பேசவைக்கிற கருவிகளும் வந்துவிட்டன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று எங்கள் நாட்டில் இருக்கிறது. ஒலிப்பதிவு கொடுக்கிற ஒவ்வொருவரும் எதற்காகக் கொடுக்கிறார், எங்கே வைப்பார்கள், யார் கேட்பார்கள், பிறகு வேண்டாம் என்றால் எப்படி அழிப்பது என்பதெல்லாம் அவருக்கு விளங்குகிற தமிழில் எழுதி, வாசிக்கத் தெரியாதவருக்கு வாயால் சொல்லி, அதன் பிறகு கையெழுத்து வாங்கவேண்டும். ஆங்கிலப் படிவத்தில் ‘இங்க ஒரு சைன் வைங்க’ என்று சொல்லி வாங்குவதை இனியாவது விடவேண்டும்.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. மொழியும் கணினியும் ஒரு பக்கம், நாடகமும் இசையும் குரலும் மறுபக்கம், எல்லாம் ஒரே கரையோரத்தில். இந்த மூன்றும் சேர்ந்து உட்கார்ந்தால் இதற்குப் பெரிய காசு தேவைப்படாது. முதல் வேலையாக, உணர்ச்சி ஒட்டாத வசனங்களைப் பேச்சுத் தமிழில் தேடி எடுக்கிற ஒரு சிறிய கூட்டத்தை யாராவது கூட்டட்டும், தமிழ், முஸ்லிம் ஊர்கள் இரண்டிலிருந்தும் பெரியவர்களை அழையுங்கள். என் மாணவர்களும் நானும் பாடசாலை விடுமுறைகளில் குரல் கொடுக்கவும் கேட்டுச் சொல்லவும் வருவோம். அந்த மாணவியின் பட்டியலை நாங்கள் பேச்சு நடைக்கு மாற்றி வைத்திருக்கிறோம், தேவைப்பட்டவர்களுக்கு அதையும் தரலாம், உங்கள் அலுவலகம் மூலமாகக் கேட்டால் போதும்.

இப்படிக்கு,
நாடகமும் அரங்கியலும் ஆசிரியர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.